தலை தீபாவளிக் கேமரா

கேமரா வாங்கத் தஞ்சாவூருக்குப் போனவர்கள் நான், அப்பா, சம்பந்தி வீட்டிலிருந்து மச்சானின் சித்தப்பா. யாருக்காக வாங்கினோமோ அந்த மச்சான் வரவில்லை. யாருடைய பிழைப்பு அந்தக் கேமராவின் மேல் நின்றதோ அந்த அக்காவை நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

மச்சான் வராததற்குக் காரணம் உண்டு. தலை தீபாவளிச் சீரை மாப்பிள்ளையே கடைக்கு வந்து எடுத்தால், கேட்டு வாங்கியதாக ஆகிவிடும். கேட்டு வாங்குவது அவர்கள் குடும்பத்துக்குக் கேவலம். அதனால் அவர் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது எங்கள் கொல்லை வரப்பில் நின்றுகொண்டு, வயலில் மேய்ந்த கொக்குகளைப் பார்த்து, "ஒரு நல்ல கேமரா இருந்தா இதெல்லாம் எடுக்கலாம்" என்றார். அவ்வளவுதான். ஆடிக்கு வந்தபோது அவருடைய சித்தி அம்மாவிடம், "தம்பிக்கு ரொம்ப நாளா கேமரா ஆசைங்க" என்றாள். ஐப்பசி பிறந்ததும் சித்தப்பா போன் செய்து, "என்னிக்கி கடைக்குப் போறீங்க சம்பந்தி? சும்மா தொணைக்கு நானும் வரேன்" என்றார். கேட்காமலே கேட்பதில் அந்தக் குடும்பத்தை மிஞ்ச டெல்டாவில் ஆள் கிடையாது.

அவர்கள் ஊர் கூத்தாநல்லூர் பக்கம். சொந்த நிலம், வாடகைக்கு விடும் அறுப்பு மெஷின் இரண்டு. நாங்கள் குத்தாலம் பக்கம் குத்தகைக்கு உழுகிறவர்கள். அக்காவை அங்கே கொடுத்ததே பெரிய இடம் என்று எங்கள் பங்காளிகள் பொறாமைப்பட்டார்கள். பெரிய இடம் என்றால் என்னவென்று அந்தத் தீபாவளிக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் எழுத்து இருக்கிற எதுவும் என்னிடம்தான் வரும். மருந்து பாட்டில், கரண்ட் பில், குத்தகைச் சீட்டு, மாத்திரை அட்டை, எல்லாம். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அக்காவை எட்டாவதோடு நிறுத்தினார்கள். காலேஜ் வரைக்கும் போனது நான் ஒருத்தன். அதனால் கேமராவும் என்னிடம் வந்தது. "நீ படிச்சுப் பாத்து எடு" என்றார் அப்பா.

படித்துப் பார்த்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. அப்போது எங்கள் பக்கம் செல்போனில் எடுத்த படமெல்லாம் கஞ்சித் தண்ணிக்குள் இருந்து எடுத்தது போல் இருக்கும். கேமரா என்றால் இரண்டு வகை. ஒன்று டி.எஸ்.எல்.ஆர். கனமான உடம்பு, முன்னால் கழற்றி மாட்டுகிற லென்ஸ், கழுத்தில் தொங்கவிட பட்டை. அதிலேயே ஆரம்ப நிலை மாடல் ஒன்று எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது. ஆனால் அதோடு கொடுக்கிற லென்ஸ் தூரத்துப் பொருளைக் கிட்டே கொண்டு வராது. வரப்பில் நின்று கொக்கை எடுத்தால் வயல்தான் விழும், கொக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கொக்கு வேண்டுமென்றால் இன்னொரு லென்ஸ் வாங்க வேண்டும். அறுப்பு மெஷின் கிளப்புகிற தூசியில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் உள்ளே தூசி போய்விடும்.

இன்னொன்று காம்பேக்ட். சட்டைப் பையில் அடங்குவது. அதில் விலை கூடிய மாடல் ஒன்று முப்பது மடங்கு கிட்டே இழுக்கும். கழற்ற வேண்டாம், மாட்ட வேண்டாம், தூசி போகாது. மச்சான் ஆசைப்பட்ட கொக்குக்கும் அவர் தொழிலுக்கும் அதுதான் பொருத்தம். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். நான் எடுத்தது சரியான கேமரா.

கடையில் இரண்டையும் மேஜைமேல் வைத்தார்கள். அப்பாவின் கண் பெரியதின் மேல் போனது. "ஏன்டா, இது நல்லாருக்கே" என்றார்.

"பாக்க நல்லாருக்கும்ப்பா. படம் எடுக்க அந்தச் சின்னதுதான்."

"எவ்வளவு வித்தியாசம்?"

"ஏழாயிரம் சொச்சம் கொறையும். அதுக்காகச் சொல்லல. மச்சானுக்கு அதுதான் உபயோகம்."

அப்பா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சம்பந்தி."

சித்தப்பா அதற்குள் பக்கத்து ஓட்டலில் அப்பா காசில் ரவா தோசையும் பூரியும் முடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார். "எனக்கென்ன தெரியும்? தம்பி படிச்ச புள்ள. பாத்து செய்யட்டும்."

அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். சீர்த் தட்டில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டது போல் ஆகிவிடுமே! வாயை மூடிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து குத்தாலம் வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். கடையில் பார்த்ததை அன்று சாயங்காலமே போனில் அங்கே சொல்லியிருப்பார்.

தீபாவளிக்கு முந்தின நாள் மச்சானும் அக்காவும் வந்தார்கள். கூடவே சித்தப்பாவும் சித்தியும். மாப்பிள்ளை கையில் கொடுத்ததும் வேலை செய்ய வேண்டும் என்று நான் அன்றைக்கே பெட்டியைப் பிரித்து, பேட்டரியைச் சார்ஜ் போட்டு, தேதியும் நேரமும் சரி செய்து வைத்திருந்தேன். யாரும் சொல்லாமலே செய்தேன்.

விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடிந்தது. சாமி படத்துக்கு முன்னால் அம்மா பித்தளைத் தாம்பாளத்தை வைத்தாள். பட்டு வேட்டி, சட்டை, அக்காவுக்குப் புடவை, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, லட்டு, அதிரசம். எல்லாவற்றுக்கும் மேலே கேமரா. பங்காளி வீட்டுப் பெண்கள் வாசலில் எட்டி நின்று பார்த்தார்கள். சீர் என்றால் அப்படித்தான். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் இருந்தால் போதாது, பார்க்க ஆள் வேண்டும். அப்பா தட்டைத் தூக்கும்போது வாழைச்சீப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வெற்றிலைக்கு அடியில் கேமரா வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"எங்கடா கேமரா?" என்றாள் அம்மா.

அப்பா தட்டோடு நிற்க, அம்மா வெற்றிலையைக் கிளறினாள். வாசலில் ஒருத்தி சிரித்தாள். சித்தி குனிந்து பார்த்து, "ஐய, சோப்பு டப்பான்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

மச்சான் அதை எடுத்து இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். "இது என்ன, சின்னப் புள்ளைங்க வெளையாடுறதா?"

"முப்பது மடங்கு கிட்ட இழுக்கும் மச்சான்" என்றேன். வாங்கிக் காட்டினேன். கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். தூரத்து வரப்பில் ஒரு கொக்கு நின்றது. இழுத்தேன், அழுத்தினேன். திரையில் கொக்கின் மஞ்சள் கண் வரைக்கும் தெரிந்தது. வாசலில் நின்ற பெண்கள்கூட உள்ளே வந்து பார்த்தார்கள். "கண்ணப் பாருடி!" மச்சான் மட்டும் பார்க்கவில்லை.

"கொக்கு கெடக்கட்டும்" என்றார். "மாமனார் வீட்டுல என்ன செஞ்சாங்கன்னு நாலு பேரு கேப்பான். சட்டப் பைக்குள்ள கைய வுட்டுத் தேடிக் காட்டணுமா நான்?"

சித்தப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் கடையிலயே நெனச்சேன். பையன் வெலையப் பாத்துட்டான்."

அம்மா இலை போட்டு எல்லோரையும் உட்கார வைத்தாள். இட்லி, கறிக்குழம்பு. பேச்சு மாறும் என்று பார்த்தால் மாறவில்லை. தன் கூட்டாளி ஒருத்தனுக்கு அவன் மாமனார் எடுத்துக் கொடுத்த கேமரா எத்தனை கனம், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் போனால் எப்படி வழி விடுகிறார்கள் என்று மச்சான் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். அப்பா தலை குனிந்து குழம்பு ஊற்றினார். தன் வீட்டில், தன் உழைப்பில் வந்த சோற்றைப் பரிமாறுகிற மனுஷன் அப்படிக் குனிந்து நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

"கழுத்துல மாட்டிக்கிட்டுச் சுத்துறதுக்குக் கேமரா எதுக்கு மச்சான்? சொல்லியிருந்தா நல்ல வெண்கல மணியா வாங்கியிருப்போமே" என்றேன்.

மச்சான் பாதி இலையில் கையை உதறிவிட்டு எழுந்தார். மாப்பிள்ளை பாதி இலையில் எழுந்தால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. வண்டிச் சாவியை எடுத்தார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"நீ இரு" என்றார் அவளிடம். "ஒழுங்கான கேமரா வரும்போது நீயும் வா."

சித்தியும் சித்தப்பாவும் கார் பிடித்துப் போனார்கள். கார் வாடகையும் அப்பாதான் கொடுத்தார். கேமரா சாப்பாட்டு இலைகளுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது.

அடைமழை பிடித்துக்கொண்டது. அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பங்காளி வீட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம், "என்னடி, இன்னும் தீபாவளி முடியலயா?" என்று கேட்டார்கள். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, அவங்க பண்ணது வரதட்சணை. கேஸே போடலாம்."

"போடு. போட்டுட்டு நீ போயி அங்க குடும்பம் நடத்து."

"உனக்காகத்தானே பேசினேன்?"

"எனக்காகவா? நான் ஒன்ன பேசச் சொன்னனா? அங்க ஒவ்வொருத்தியும் அவ அவ பொறந்த வீட்டுச் சீரச் சொல்லித்தான் வாயத் தொறக்குறா. நான் வாயத் தொறக்க ஒண்ணு வேணும். அது படம் எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? பெருசா ஒரு டப்பா குடுத்தனுப்பியிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். எட்டாவதோட என்னய நிறுத்திட்டு ஒன்னயத்தானே படிக்க வச்சாங்க? இத்தன படிச்சியே, தட்டுல வச்சா தெரியுமான்னு யோசிச்சியா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். "போடா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்கும் என்மேல் இன்றுவரை அது முழுசாகத் தீரவில்லை.

மழை விட்டதும் அப்பா தனியாகக் கூத்தாநல்லூர் பக்கம் போய் வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பெருசாவே எடுத்துடுவோம்" என்றார். சம்பாப் பயிருக்கு உரம் போட வைத்திருந்த பணத்தோடு, அம்மாவின் தோட்டைக் கூட்டுறவு சொசைட்டியில் அடகு வைத்து வாங்கியதையும் எடுத்துக்கொண்டார்.

இந்தத் தடவை கடைக்கு அக்காவும் வந்தாள். பெட்டி பிரித்த கேமராவை முழு விலைக்கு எடுக்க மாட்டோம் என்றார்கள். வாங்கியது இருபத்தோராயிரத்து ஐந்நூறு. பதிமூன்றாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் சண்டைக்குப் போனேன். "நீ சும்மா இரு" என்று அப்பாவும் அக்காவும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அக்கா மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "இருக்கறதுலயே பெருசாத் தெரியறது குடுங்க" என்றாள் கடைக்காரனிடம்.

"என்ன உபயோகத்துக்கு மேடம்?"

"தட்டுல வைக்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அதே ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆர்.தான், ஆனால் கூட ஒரு நீள லென்ஸ், தோளில் மாட்டுகிற பெரிய பை. முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு. பெட்டியை யாரும் பிரிக்கக் கூடாது என்று கடையிலிருந்து அவளே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் வாடகைக் காரில் அவளைக் கொண்டு விட்டோம். அதே தாம்பாளத்தில் பெட்டியை நிற்க வைத்து, அப்பா தெருமுனையிலிருந்தே நடந்து போனார். அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் வெளியே வந்து பார்த்தது. மச்சான் வாசலுக்கு வந்து தட்டை வாங்கினார். "எதுக்கு மாமா இதெல்லாம்? நான் கேட்டனா?" என்றார். சித்தப்பா உள்ளேயிருந்து, "வாங்க சம்பந்தி, வாங்க" என்றார், முதன்முதலாகப் பார்க்கிறவர் போல.

அங்கேயே பெட்டியைப் பிரித்தார்கள். மச்சான் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டனைத் தேடினார். தட்டினார், அமுக்கினார், திருகினார். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"மாப்ள, இது எப்படி ஆன் பண்றது?"

"பேட்டரிய சார்ஜ் போடணும் மச்சான். பொட்டிய யாரும் பிரிக்கலல்ல."

அவர் முறைத்தார். அக்கா இருவரையும் முறைத்துவிட்டு, சார்ஜரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் அங்கே நின்ற ஓரகத்தியிடம், "எங்கப்பா எடுத்துக் குடுத்தது" என்று சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது. என்னை உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை. நானும் செருப்பைக் கழற்றவில்லை.

திரும்பும்போது அப்பா காரில் கணக்குப் போடச் சொன்னார். முதல் கேமராவில் போனது எட்டாயிரத்து ஐந்நூறு, இரண்டாவது கேமரா, கார் வாடகை ஆயிரத்து எண்ணூறு. "மொத்தம் எவ்வளவு?" என்றார்.

நாற்பத்து நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.