வண்டி நிறுத்தப் போன தம்பி

எனக்குத் தம்பி கிடையாது. ஆனாலும் அன்று காலை ஏழு மணிக்கு, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், "கூட யாரு சார் வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டதும், "தம்பி வந்திருக்கான். கீழ வண்டி நிறுத்தறான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

விஷயம் இதுதான். எனக்கு வலது மணிக்கட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஃபேக்டரியில் தரம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்கத் தோலைப் புரட்டிப் புரட்டித் தடவிப் பார்க்கிற கை. அதை மட்டும் மரக்கவைத்து, கட்டியை எடுத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஒரே நிபந்தனை, கூட ஓர் ஆள் வர வேண்டும். மரத்த கையோடு யாரையும் தனியாக விடமாட்டார்களாம்.

மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகள் புனேயில், எட்டு மாதக் கர்ப்பம். சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவாள். மீதி இருந்தது ஃபேக்டரி தோஸ்துகள். அவர்களைக் கேட்காமல் இல்லை. முந்தின நாள் டீ நேரத்தில் கேட்டேன். கேட்ட லட்சணம் இப்படி:

"நாளைக்கு என் கைய வெட்டி எடுக்கறாங்கப்பா. கூட வர்றவங்களுக்கு அரைக் கிலோ இலவசம்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைவிட நான்கு வயது மூத்தவர், கட்டிங் செக்‌ஷன் பாய், "உன் கையில எலும்பு ஜாஸ்தி, கறி கம்மி. வேணாம்யா" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் மணி அடித்தது, கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடம் முன்பு, பைக்கிலிருந்து விழுந்துவிட்டேன் என்று இதே பாய்க்குப் போன் செய்து, பதறி ஓடிவந்தவரை வீட்டு வாசலில் பிரியாணித் தட்டோடு வரவேற்றவன் நான். அன்று என் பிறந்த நாள். தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். முடிச்சுக்குக் கை எட்டவில்லை. மற்ற நோயாளிகளுக்கு அவரவருடன் வந்தவர்கள் போட்டுவிட்டார்கள். நான் சுவரோடு சுவராக நகர்ந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். சட்டை, செருப்பு, வாட்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நர்ஸ் வைத்துக்கொண்டார். "தம்பி வந்ததும் குடுத்துடறேன் சார்."

"குடுங்கம்மா. பொறுமையான பையன்."

மயக்க மருந்து டாக்டர் அம்மாவுக்கு என் வயசு இருக்கும். இடது கையில் ஊசி குத்தி, விரலில் கிளிப் மாட்டி, மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். தலைமாட்டில் மெஷின் 'டிக் டிக்' என்று என் இதயத்தை ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டத் தொடங்கியது.

"டாக்டர், மொத்தமா தூங்க வெச்சிடுங்களேன்."

"கைக்கு மட்டும் போதும். தூங்கிட்டா யார்கிட்ட பேசிட்டு இருப்பீங்க?"

கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே சில்லென்று ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் கறுப்பு வெள்ளையில் ஏதோ திராட்சைக் கொத்து மாதிரித் தெரிந்தது. அதுதான் கைக்குப் போகிற நரம்புகளாம். அவற்றைச் சுற்றி மருந்து போட வேண்டும், தோளை ஆட்டக்கூடாது என்றார். நான் ஆடவில்லை. கட்டில்தான் ஆடியது.

மருந்தைச் செலுத்திக்கொண்டே கேட்டார்: "தம்பி வந்துட்டாரா?"

"பார்க்கிங் கிடைக்கல போல இருக்கு."

டிக் டிக் சத்தம் ஓடத் தொடங்கியது. டாக்டர் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினார்.

"இன்னா வண்டி?"

"ஸ்கூட்டர்." மெஷின் இன்னும் வேகமாக ஓடியது.

"ரெண்டு மணி நேரமா ஸ்கூட்டர் நிறுத்தறாரா?"

"தம்பி இல்ல டாக்டர்."

"இன்னும் வரலையா?"

"பொறக்கவே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத அனுபவம். ஸ்பிரிட் பஞ்சால் கையைத் தொட்டு, ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. கிள்ளினார். அதுவும் தெரியவில்லை. "மருந்து நல்லா புடிச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா ஆள் வர்ற வரைக்கும் உங்கள வெளிய விடமாட்டேன்" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் என் கையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நான் கூரையில் விளக்கை எண்ணிக்கொண்டிருந்தேன். எதுவும் வலிக்கவில்லை.

பதினொரு மணிக்கு வெளியே கொண்டுவந்து ஒரு ஹாலில் படுக்கவைத்தார்கள். எதிர்க் கட்டிலில் ஆலங்காயத்துக்காரர் ஒருவர், கால் விரலில் ஆபரேஷன். அந்த ஒரு விரலுக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். இளநீர் யார் கொடுப்பது என்று சண்டை. மதியத்துக்குள் அவர்களும் போய்விட்டார்கள். மற்றக் கட்டில்களும் ஒவ்வொன்றாகக் காலியாகிப் புது விரிப்பு விரித்தாகிவிட்டது.

என் வலது கை, கழுத்தில் மாட்டிவிட்ட துணித் தூளியிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. "தொங்க விடாதீங்க சார், உணர்ச்சி வர்ற வரைக்கும் யாராவது புடிச்சிக்கணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். இடது கையால் பிடித்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக, கனமாக, யாரோ ஒருவருடைய கை. பழக்கதோஷத்தில் கட்டை விரலால் தடவித் தரம் பார்த்தேன். கீறல், சுருக்கம், பழைய வெட்டுத் தழும்பு. மூன்றாம் தரம்தான் போட முடியும். ஆனால் நான்கு வருடத்தில் நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த முதல் கை அது. பிடித்திருக்கிறேன் என்பதுகூட அதற்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு நர்ஸ் என் போனை எடுத்துவந்தார். "யாருக்காவது போடுங்க சார். இல்லைனா அட்மிஷன் போட்டு வார்டுக்கு அனுப்பணும்." பாயின் எண்ணைக் காட்டினேன். நர்ஸே அழுத்தி என் காதருகே பிடித்தார்.

"இன்னாய்யா, கைய எடுத்துட்டாங்களா? கறி எங்க?" என்றார் பாய். பின்னால் மெஷின் சத்தம்.

பதிலுக்கு மூன்று ஜோக் நாக்கு நுனியில் வந்து நின்றன. மூன்றையும் விழுங்கினேன்.

"பாய், வேலூர்ல ஆஸ்பத்திரியில இருக்கேன். ஆபரேஷன் ஆய்டுச்சு. கூட யாரும் இல்ல. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

மெஷின் சத்தம் நின்றது.

"எந்த மாடி?" என்றார்.

ஐந்து மணிக்கு வந்தார். லெதர் தூசி படிந்த அதே சட்டை. நர்ஸ் சந்தேகத்தோடு, "தம்பியா?" என்று கேட்டார். "அண்ணன்மா" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டார். என் சட்டையை மாட்டி, பட்டனைத் தப்புத் தப்பாகப் போட்டுவிட்டார். செருப்பைக் காலடியில் வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பேஜாராக இருந்தது.

ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, வலது பக்கம் அவர் உட்கார்ந்தார். "புடிச்சிக்கணும்னு அந்தம்மா சொல்லிச்சு" என்று என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பார்த்தேன். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

பள்ளிகொண்டா தாண்டும்போது கட்டை விரலில் எறும்பு ஊறுவது போல இருந்தது. கொஞ்சம் போனதும் பாயின் உள்ளங்கைக் காய்ப்பு சொரசொரவென்று தெரிந்தது.

"இன்னாய்யா, உணர்ச்சி வந்துச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல பாய்" என்றேன்.

மாதனூரிலும் கேட்டார். அங்கேயும் இல்லை என்றே சொன்னேன்.