எனக்கு மட்டும் எரியாத பிரேக் விளக்கு

எப்போதும் எரிகிற விளக்கை எந்த மெக்கானிக்கும் அணைத்துவிடுவான். நினைத்தால் எரிந்து நினைத்தால் அணைகிற விளக்குதான் எங்கள் தொழிலில் ஆளைப் படுத்தி எடுக்கும். டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் இருமல் நின்றுபோய், வீட்டுக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து இருமுகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. என்ன, ஆம்பூர் பைபாஸ் ஓரம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நான் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து முழித்தவன்.

நல்ல பிள்ளை

டேவிட் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர். பழைய கார் ஒன்றை வாங்கி நான்கு மாதமாகியிருந்தது. அவர் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் சேர்த்து அதுதான் முதல் கார். ஒரு திங்கட்கிழமை காலை வந்து நின்றார். ஓட்டும்போது பிரேக் விளக்கு சிவப்பாக எரிகிறதாம், கொஞ்ச தூரம் போனால் அணைகிறதாம், பள்ளத்தில் இறங்கினால் மறுபடி எரிகிறதாம். அடுத்த திங்கட்கிழமை ஏலகிரி மலையில் மச்சினிக்குக் கல்யாணம். மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகளோடு அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். கல்யாணப் பெண்ணை சர்ச்சுக்கு அழைத்துப்போவதும் இதே வண்டிதான் என்று வாக்கு வேறு கொடுத்திருந்தார்.

அந்த விளக்கு எரியப் பொதுவாக இரண்டு காரணம். ஒன்று, ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்காமல் இருப்பது. இன்னொன்று, பிரேக் ஆயில் குறைவது, அது விளையாட்டில்லை. ஆயில் சரியாக இருந்தது. நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன், எங்கும் கசிவில்லை. ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினேன், விளக்கு எரிந்தது. டொக்கென்று கீழே போட்டேன், அணைந்தது. மாதனூர் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினேன். ஒரு தரம்கூட எரியவில்லை.

“ஒண்ணுமில்ல, தைரியமா எடுத்துனு போங்க” என்றேன். டேவிட் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைச் சந்தேகமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“நீங்க தொட்டா மட்டும் நல்ல புள்ள மாதிரி நடிக்குதுணா!”

சாட்சி

புதன்கிழமை மறுபடி வந்தார். நேற்று முழுக்க எரிந்ததாம். எனக்கு உள்ளூர சந்தேகம், மனுஷன் வெயில் பட்ட கண்ணாடியைப் பார்த்து பயப்படுகிறாரோ என்று. அதை நாசூக்காகக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. போனை எடுத்து வீடியோவைக் காட்டினார். இரண்டு நிமிஷ வீடியோ. ஸ்டியரிங் தெரிகிறது, பெட்ரோல் முள் தெரிகிறது, பின்னணியில் பஸ் ஹாரன் கேட்கிறது. விளக்கு மட்டும் இல்லை. ஓரமாக நிறுத்திப் போனை எடுத்தாலே அணைந்துவிடுகிறதாம்.

ஆயில் டப்பா மூடியிலிருந்து போகிற ஒயரை முழுக்கப் பிரித்துத் துடைத்து மாட்டினேன். பழுது இருந்து அல்ல, எதையாவது செய்தாக வேண்டுமே என்று. நீங்களும் இப்படிச் செய்திருப்பீர்கள், மறைக்காதீர்கள். டேவிட் அந்த வீடியோவை அழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

“கேமராவுக்கு வெக்கப்படுது போல. நம்ம தலையெழுத்து, இன்னா பேஜாருணா இது!”

ஒட்டுப் பொட்டு

வெள்ளிக்கிழமை அவர் மனைவி எஸ்தரும் கூடவே வந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். பிரேக் விளக்கு இருக்கிற இடத்தில், மில்லிமீட்டர் தப்பாமல், மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு! டேவிட்டின் ஏற்பாடு. விளக்கு எரிந்தாலும் மனைவிக்குத் தெரியாது, கல்யாணம் வரைக்கும் நிம்மதி என்று கணக்குப் போட்டிருக்கிறார். எஸ்தர் வண்டியில் ஏறிய முதல் நிமிஷமே தன் பொட்டை அடையாளம் கண்டுவிட்டார். நான் சிரித்துவிட்டேன். எஸ்தர் சிரிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஒண்ணுமில்லன்னு ரெண்டு தடவ சொன்னீங்களே, உங்க வீட்டுப் புள்ளைங்கள இதுல ஏத்தி மலைக்கு அனுப்புவீங்களாணா?”

பக்கத்து சீட்

சனிக்கிழமை காலை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டேவிட்டை ஓட்டச் சொன்னேன், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். கேட் திறந்ததும், தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல அதை மெல்ல, மெல்ல இறக்கினார். விளக்கு அணைந்தது. வண்டி தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியது. எரிந்தது ஐயா, எரிந்தது! பழுதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். ஹேண்ட் பிரேக் பிடிக்கு டேவிட் கையாலேயே தைத்த தோல் உறை. கீழ் ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தார். மெதுவாக இறக்கினால் பிடி அந்த மடிப்பின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. விரல் அகலம் இறங்காமல் நிற்கிறது. குலுங்கினால் விளக்குக்கான சுவிட்ச் தொடுகிறது, விடுகிறது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. நான் டொக்கென்று போடுகிறவன், எனக்கு எப்படி எரியும்? உறையைப் பார்க்காமலும் இல்லை. ஆம்பூரில் தோல் உறை போடாத வண்டி எது? இடுப்பு பெல்ட் மாதிரி கண்ணுக்குப் பழகிவிட்டது.

ஏன் இத்தனை மெதுவாக இறக்குகிறீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, கம்பெனியில் அவருக்கு வேலை ஷூக்களில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்துக் கழிப்பது.

“தோல் மடிஞ்சா கோடு விழுந்துடும்ணா. வுழுந்த கோடு ஜென்மத்துக்கும் போவாது.”

அரை இஞ்ச்

உறையைக் கழற்றிவிடலாம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சரி, கீழே அரை இஞ்ச் வெட்டினால் போதும் என்று இறங்கி வந்து கத்தரியை எடுத்தேன். டேவிட் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்த் தோல் சீவுகிற கத்தியோடு வந்து, என் பெஞ்சில் உட்கார்ந்து, ஓரத்தைச் சீவி மறுபடி தைத்தார். அரை நாள் ஆனது. மெல்ல இறக்கினாலும் அடி வரைக்கும் இறங்குகிறதா என்று நாற்பது தடவை பார்த்தேன். பிறகு எஸ்தரிடம் போனில், என் பிள்ளைகளைத் தாராளமாக ஏற்றுவேன் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஏலகிரியிலிருந்து எஸ்தர் கூப்பிட்டார். பின்னால் சர்ச் மணி கேட்டது.

“பொண்ணு நல்லபடியா எறங்கிட்டாணா, வெளக்கும் எரியல. இவருதான் பொண்ணப் பாக்காம, மாப்ள ஷூவுல சுருக்கம் இருக்குதுன்னு காட்டினு இருக்காரு!”

இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் வண்டிக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறேன். சம்பந்தம் பேச வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்கள்.