கீபோர்டுக்குப் பின்னால்

சிதம்பரத்தில் படித்த மூன்று வருஷமும் எங்கள் செமினார்கள் ஒரே மாதிரிதான் நடந்தன. கீரப்பாளையத்து நண்பன் முன்னால் நின்று பேசுவான். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஸ்லைடு மாற்றுவேன். பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம். மௌஸைத் தொடுவதே கௌரவக் குறைச்சல் எனக்கு. எஃப்-ஃபைவ் தட்டினால் காட்சி ஆரம்பம். யாராவது கேள்வி கேட்டால் ஸ்லைடு எண்ணைத் தட்டி, என்டர் அடித்து, நேராக அந்தப் படத்துக்கே தாவிவிடுவேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டைவிரலை அசைத்தால் அடுத்த ஸ்லைடு. 'அவன் வாய், இவன் விரல்' என்று வகுப்பே கேலி செய்யும். எனக்கு அது பெருமையாக வேறு இருந்தது. பேசப் பயம் என்பதை மறைக்க அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டில் ப்ரோக்ராம் முழுக்க நான் எழுதியது. வைவாவில் கேள்வி கேட்க வெளியிலிருந்து வந்தவர் புதுச்சேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். பிடித்துப்போனால் வேலைக்கே கூப்பிட்டுக்கொள்வார் என்று டிபார்ட்மென்ட் முழுக்கப் பேச்சு. அந்த வேலைமேல் எனக்கு அப்படி ஓர் ஆசை.

நண்பன் பாதி பேசியிருப்பான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ப்ரோக்ராம் எழுதுனது யாருப்பா? அவரு வந்து சொல்லட்டும்."

எழுந்து போனேன். நண்பன் என் நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் வாக்கியம் தட்டுத் தடுமாறி வந்தது. இரண்டாவது சுமாராக வந்தது. அவர் முன்னால் சாய்ந்து கேட்க ஆரம்பித்தார். நான் கட்டைவிரலை அசைத்தேன். நண்பன் ஸ்பேஸ் பாரைத் தட்டப்போய், அதற்கு மேலே இருக்கும் 'பி'யைத் தட்டிவிட்டான். திரை கறுப்பாகிவிட்டது. எதைத் தட்டினோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்றும் கெட்டுவிடவில்லை. பேசுகிறவரை எல்லாரும் பார்க்கட்டும் என்று திரையை மறைப்பதற்காகவே வைத்த வசதி அது. மறுபடி தட்டினால் படம் வந்துவிடும். அறையே என்னைத்தான் பார்த்தது. நானோ விழுந்தடித்துக்கொண்டு ஓடி, அவனை எழுப்பிவிட்டு, உட்கார்ந்து, 'பி'யைத் தட்டினேன். படம் வந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் திரும்ப எழுந்திருக்கவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"சரி, நீங்களே முடிங்க தம்பி" என்றார் நண்பனிடம்.

வேலை அவனுக்குக் கிடைத்தது. பொறாமைப்படவில்லை என்றால் பொய். ஆனால் அவன்மேல் கோபம் வரவில்லை, வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆர்டர் வந்த அன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"நல்லாத்தான்டா பேசிக்கினு இருந்த மச்சான். எத அழுத்தணும்னு அங்க நின்னே சொல்லியிருந்தா நான் அழுத்தியிருப்பேன்ல? எதுக்குடா ஓடியாந்த?"

கடலூர் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிக்கொண்டேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது காட்டுமன்னார்கோயில் பஸ். இறங்கவில்லை. அவன் இன்னும் கீழேயே நின்றிருந்தான்.