இரண்டு பெட்டிகளின் பாடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அந்த வாரம் எங்கள் வீட்டு இன்டர்நெட் காட்டிய வேடிக்கைக்கு ஒரு சாமியாருக்கே கோபம் வந்திருக்கும்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். அவர் இறால் பிடிக்கிறவர். நான் திருப்பாலைவனத்தில் நெல் விளைகிற வீட்டில் பிறந்து, கணக்குப் படித்து, அவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். வெளிநாட்டில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலங்களில் ஆன்லைனில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பின்னறையில் ஒரு மேசை, லேப்டாப், சுவரில் ஒரு வெள்ளைப் போர்டு. என் ராஜ்யம் அவ்வளவுதான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அந்த வாரம் வகுப்பு நடுவில் நெட் அறுந்து அறுந்து போனது. பின்னக் கணக்கில் பாதியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி திரையில் அப்படியே நிற்பார்கள். வகுப்புகளை நடத்துகிற மேடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "சனிக்கிழமை வகுப்பைப் பெற்றோர் உக்காந்து பார்க்கப் போறாங்க. அன்னைக்கும் கட் ஆச்சுன்னா இந்தப் பிள்ளைங்களை வேற டீச்சர்கிட்டதான் கொடுக்கணும்மா" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முன்னறையில் இருந்த ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஒயரை மாற்றினேன். கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர் வந்து தன் லேப்டாப்பை லைனில் நேராகச் சொருகிப் பார்த்தார். "லைன் நல்லாத்தான் கீதும்மா. உங்க வீட்டுக்குள்ளதான் இன்னாவோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு ரகளையிலும் என் வீட்டுக்காரர் வாசலில் வலையைப் பரப்பிக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பாடு. ஏரியில் இறால் நிறைய விழுகிற இடங்களைப் பாடு என்பார்கள். அங்கே நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது, ஒவ்வொரு மீனவர் கூட்டத்துக்கும் முறை உண்டு. நம் முறையை விட்டால் அது சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் கவலையில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் கடைசி முயற்சியாக ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். எங்கள் ரவுட்டரின் பக்கம் நீலமாக இருக்கும். பின்னறையில் உட்கார்ந்து பிரவுசரில் அதன் எண்ணைத் தட்டினால் பச்சையாக ஒரு பக்கம் வந்தது. முன்னறைக்குப் போய்த் தட்டினால் நீலம். வீட்டுக்குள் நமக்குத் தெரியாமல் இன்னொரு பெட்டி இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

ரவுட்டரின் பின்பக்கத்திலிருந்து ஒரு சாம்பல் நிற ஒயர் சுவரில் ஏறிப் போனது. டிவி ஒயர் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், அது வலை நூலால் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சு யார் போட்டது என்று கேட்க வேண்டியதில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பரணில், பழைய வலை மூட்டைக்குப் பின்னால், நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாக ஒரு ரவுட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"யோவ், இங்க வாய்யா."

வந்தார். பரணைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"பின்னாடி ரூம்ல சிக்னலே இல்லனு அலுத்துக்கினியே. மீஞ்சூர்ல ஒருத்தன் பழசு வெச்சினு இருந்தான். நம்ம வைஃபை பேரும் பாஸ்வேர்டும் இதுலயும் போட்டுக் குடுத்து, இத்த அதுல சொருவுனா போதும்னான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நல்லா வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ லைன்காரர அந்தக் காய்ச்சு காய்ச்சுன. பயந்துட்டேன்."

"அப்ப கழட்டியாவது போட்டிருக்கலாம்ல?"

"இது இருக்கறதாலதான் அந்த அளவுக்காவது வருதுனு நெனச்சேன்மே."

திட்ட வாயைத் திறந்தவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். பொட்டு வைத்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே எப்படித் திட்டுவது? இந்த மனுஷன்மேல் எனக்கு ஆசை பொங்கிக்கொண்டு வந்தது.

அவருக்கு விளக்கிச் சொன்னேன். வீட்டில் இருக்கிற போன், லேப்டாப் எல்லாம் ரவுட்டரிடம் ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு, அதன் வழியாகத்தான் வெளியே போகும். இவர் வாங்கி வந்த பெட்டியும் முன்னறை ரவுட்டரின் எண்ணையே தனக்கும் வைத்துக்கொண்டு, தானும் மற்றவற்றுக்கு எண் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கோ வெளியே போகத் தனி வழி கிடையாது. லேப்டாப் அதனிடம் போய் நின்ற போதெல்லாம் என் வகுப்பு அறுந்தது.

"ஒரே நாள்ல ரெண்டு கூட்டத்துக்குப் பாடு வுட்டா அடிதடிதான்" என்றார். பிறகு மெதுவாக, "கழட்டிடட்டா?" என்று கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்துக் கழற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பரணில் இருந்த பெட்டியின் எண்ணை மாற்றினேன். மற்றவற்றுக்கு எண் கொடுக்கிற வேலையை அதில் நிறுத்தினேன். சிக்னலைப் பரப்புவது மட்டும் உன் வேலை என்று விட்டேன். பின்னறையில் சிக்னல் முழுதாக நின்றது. பரணுக்குக் கீழே அதன் பிளக் மட்டும் லொடலொடவென்று ஆடியது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தால், திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார்.

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பை ஆரம்பித்தேன். ஒரு முறைகூட அறுபடவில்லை. முடிந்ததும் மேடம், "பிள்ளைங்க உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார். இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

பரணுக்குக் கீழே, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூல்மேல் நின்று பிளக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வலை இல்லாத வாசல் காலியாகக் கிடந்தது.

"இன்னிக்கி நம்ம பாடாச்சேய்யா."

"தம்பிங்க போயிக்கீறானுங்க."

"நீ போவல?"

"பாடு சுத்தி வந்துடும்மே. உன் கிளாஸு போனா வருமா?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "முடிஞ்சிதா? கைய எடுக்கட்டா?"