இரவல் நாட்காட்டியும் இரண்டு கல்யாணங்களும்

2008ஆம் ஆண்டு, வைகாசி மாதம். தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு சிறிய மண்டபம் உண்டு. நான் அப்போது சங்கத்தின் செயலாளர். ஒரு சனிக்கிழமை காலை, அடுத்தடுத்து இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் என் வீட்டுக்கு வந்தன. ஒன்று, எங்கள் தெருவிலேயே இருக்கும் வங்கி ஊழியரின் மகளுக்கு. மற்றொன்று, அடுத்த தெருவில் குடியிருந்து பல்லாவரத்தில் தோல் பைகள் விற்கும் கடை நடத்தும் பாயின் மகளுக்கு. இருவரையும் வாழ்த்தி அனுப்பிவிட்டு நிதானமாகப் படித்தேன். இரண்டிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. இரண்டிலும் எங்கள் மண்டபம். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே வாரம்.

மண்டபத்தின் முன்பதிவை இணையதளத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான். எங்கள் தளம் ஓர் இலவச மென்பொருளில் ஓடியது. கணினி மொழி தெரியாதவர்கள்கூட அதில் செய்தியும் படமும் ஏற்றலாம். கூடுதலாக ஏதாவது வசதி வேண்டுமென்றால், எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் சிறு பாகங்களை எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். அப்படி எடுத்ததுதான் அந்த முன்பதிவு நாட்காட்டி. வெளிநாட்டில் ஒருவர் தன் ஊர் டென்னிஸ் மைதானத்துக்காக எழுதியது. காலி நாள் பச்சை, பதிவான நாள் சிவப்பு. சொற்களைத் தமிழாக்கி, ஒரு மாதம் சோதித்த பிறகே திறந்துவிட்டேன்.

பதறிப்போய்த் தளத்தைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமையில் பாயின் பெயர் மட்டும் இருந்தது. வங்கி ஊழியரின் பெயர் முந்தைய நாளான சனிக்கிழமையில் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. அவருக்கு நான் ஞாயிறு என்றுதான் பதிந்தேன். அதில் சந்தேகமே இல்லை. ஒரு வெற்று நாளில் போட்டுப் பார்த்தேன். காலை ஆறு மணி என்றால் சரியான நாளில் விழுந்தது. ஐந்து மணி என்றால் முந்தைய நாளுக்குத் தாவியது.

அப்போதுதான் விளங்கியது. அந்த நாட்காட்டி எல்லா நேரத்தையும் லண்டனை ஒட்டிய கிரீன்விச் நேரக் கணக்கில் மாற்றி வைத்துக்கொண்டு, அதன்படி நாளுக்கு வண்ணம் பூசுகிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். வங்கி ஊழியர் வீட்டு முகூர்த்தம் விடியற்காலை நாலரை. அந்தக் கணக்கில் அது சனிக்கிழமை இரவு பதினொன்று! பச்சையாகத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமையைப் பாய் பதிவு செய்துவிட்டார். என் சோதனையில் ஆறு மணிக்கு முந்தைய நேரம் ஒன்றுகூட இல்லை.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. அவரிடம் சொன்னேன்.

"ஃப்ரீயா கெடைக்குதுன்னு எவனோ செஞ்சத மாட்டினா இப்படித்தான் மேடம். கரும்பலகைல சாக்பீஸால எழுதினா எந்த ஊர் டைமும் குறுக்க வராது" என்றார்.

 நேரே பாய் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ள பார்த்தது நாம, பேசி முடிச்சது நாம. இத மட்டும் கம்ப்யூட்டர்கிட்ட விடுவானேன்? வாங்க மேடம், அவங்க வூட்டுக்கே போய்ப் பேசிடலாம்."

வங்கி ஊழியர் வீட்டில் அவர் மனைவிதான் எதிர்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. "ஊர் பூரா பத்திரிகை குடுத்தாச்சு. இப்ப வந்து சொல்றீங்களே, நியாயமா இது?" என்று என்னைக் கேட்டவர், பாயின் பக்கம் திரும்பினார். "நீங்க மாத்தறீங்களா, நாங்க மாத்தணுமா? அத மட்டும் சொல்லுங்க பாய்."

"யாரும் மாத்த வேணாம்மா. உங்க முகூர்த்தம் எத்தினி மணிக்கு?"

"நாலரையிலேர்ந்து ஆறு."

"எங்க நிக்காஹ் பன்னெண்டுக்கு. நாங்க தலைவாரிக் கிளம்பறதுக்குள்ள உங்க பொண்ணு புருஷன் வூட்டுக்கே போயிடும்."

பக்கத்தில் நின்ற வங்கி ஊழியர் சிரித்துவிட்டார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

"அது சரி. உங்க பிரியாணி? காலைலயே அடுப்பு மூட்டிடுவாங்களே. எங்க சம்பந்தி வீட்டுல பூண்டுகூடச் சேர்க்க மாட்டாங்க."

பாய் கொஞ்சம் யோசித்தார். "எங்க தெருவுலயே வேகட்டும். டெம்போல கொண்டாந்துடறேன். ஆனா வாசனைய மட்டும் கட்டிப்போட முடியாதும்மா. காத்து அந்தப் பக்கம் அடிச்சா மன்னிச்சிக்கோங்க."

அதற்கு அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். வங்கி ஊழியர் வீட்டார் மதியச் சாப்பாட்டைத் தங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்துக்கொள்வது, பந்தலைச் சங்கம் போட்டுத் தருவது, பத்து மணிக்குள் மண்டபத்தைக் காலி செய்வது என்று முடிவாயிற்று. மேடையில் கட்டும் பூவை இரண்டு வீட்டாரும் சேர்ந்தே வாங்குவதாக அவர்களே பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. டிபன் பந்தியும் முடிந்து, பத்து மணிக்கு மண்டபத்தைப் பெருக்கிக் கழுவிவிட்டோம். பதினொன்றுக்கு வேறு சிக்கல். திண்டிவனத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பேருந்து பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டது. வழிகாட்டி அழைத்து வரப் பாய் வீட்டு ஆண்கள் பைக்கில் பறந்துவிட்டார்கள். பெண்கள் மணப்பெண்ணோடு உள்ளே. உள்ளூர் விருந்தினர்களோ வரத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் 'வாங்க' என்று சொல்ல ஆளில்லை.

மிச்சச் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்த வங்கி ஊழியரின் மனைவி இதைப் பார்த்தார். கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்து, "வாங்க, வாங்க, மாப்பிள்ளை பெருங்களத்தூர் தாண்டிட்டாரு" என்றார். ஒரு மூதாட்டி, "நீ பொண்ணுக்கு என்னம்மா ஆவணும்?" என்று கேட்டதற்கு, "ஒரே மண்டபத்துக்காரங்க" என்று பதில் சொன்னார். பேருந்து வந்து, பாய் வியர்வையோடு ஓடிவந்து பார்க்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அன்று மாலை அந்த நாட்காட்டியை எழுதியவருக்கு, அதைப் பயன்படுத்துவோர் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்றைய மனநிலையில் கோபம் வரவில்லை. மறுநாளே பதில் வந்தது. விடிவதற்கு முன் கல்யாணம் நடக்கும் என்று தனக்குத் தெரியாது, தன் ஊரில் அந்த நேரத்துக்கு டென்னிஸ் ஆடவே யாரும் வருவதில்லை என்று எழுதி, மன்னிப்புக் கேட்டிருந்தார். சில நாட்களில் திருத்திய நாட்காட்டியை எனக்கு அனுப்பி, சரியா என்று பார்க்கச் சொன்னார். எங்கள் ஊர் முகூர்த்த நேரங்கள் அத்தனையையும் போட்டுப் பார்த்து, சரி என்று எழுதினேன். அதன் பிறகே அதை எல்லோருக்குமாகப் பொதுவில் வைத்தார். தலைவர் மட்டும் ஒரு கரும்பலகையை வாங்கி மாட்டிவிட்டார். அதுவும் நல்லதுதான் என்று நானும் அதில் எழுதி வந்தேன்.

யாரோ அன்போடு செய்து பொதுவில் வைத்ததை எடுத்துக்கொள்ளும்போது, அவருக்குத் தெரியாத நம் ஊர் வழக்கத்தை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்ல மறந்தால், எனக்கு வாய்த்ததுபோல் வாசலில் நின்று காப்பாற்றும் மனிதர்கள் எல்லா முறையும் வாய்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.