ஓரம் அடிக்காத போர்வை

இலையுதிர் காலமாம்! மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில்! ஒரு கடையின் மேல்மாடியில் காது விறைக்கும் அளவுக்கு ஏர்கோனை வைத்துவிட்டு, ஸ்வெட்டர் போட்ட பெண்கள் ஆளுக்கொரு தையல் மெஷினோடு உட்கார்ந்து, ஆரஞ்சும் பழுப்பும் கடுகு மஞ்சளுமான துணிகளை இலை இலையாக வெட்டித் தைத்துக்கொண்டிருந்தோம். வெளியே சாயங்கால மழை கொட்டிக்கொண்டிருக்கும். டீச்சர் பல வருடம் கனடாவில் இருந்துவிட்டு வந்த சீனப் பெண்மணி. செப்டம்பர் பிறந்தால் அவருக்கு இலையுதிர் காலம்தான். நமக்குத் தெரிந்ததெல்லாம் வெயில், மழை, ரோட்டு ஜாம். இங்கே மரத்திலிருந்து இலை உதிர்ந்தால் வடிகால் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதை ரசித்துத் தைக்க வேண்டும் என்று எனக்குத் தலையெழுத்து.

தைத்தது குவில்ட். மேலே துண்டுத் துணிகளை இணைத்த பக்கம், அடியில் ஒரு முழுத் துணி, நடுவே மெல்லிய பஞ்சு. மூன்றையும் சேர்த்துத் தைத்துவிட்டு, கடைசியில் நான்கு ஓரத்திலும் பட்டி வைத்து அடிக்க வேண்டும். ஓரம் அடித்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை நூல் பிரியும், பஞ்சு எட்டிப் பார்க்கும்.

வகுப்புக்குச் சேர்ந்தது தையல் ஆசையால் அல்ல. கிள்ளானில் என் மகள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் நான் மணிக்கு ஒரு தடவை அவளுக்குப் போன் அடிப்பேன். "அம்மா, இப்பதானே பேசினோம், வைம்மா" என்று அவளே அலுத்துக்கொண்டாள்.

மறுபடியும் என்று சொன்னேன். முந்தின வருடம் ஐந்தாம் மாதத்தில் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதற்குச் சில வாரம் முன்புதான் நான் ஆசையாக ஒரு தொட்டில் வாங்கி, லோரியில் போட்டுக் கிள்ளானுக்கு அனுப்பி, பின்னாலேயே நானும் போய் இறங்கியிருந்தேன். வாசல் கேட்டிலேயே நின்றார் சம்பந்தியம்மா, என் மகளின் மாமியார்.

"பிள்ளை பொறக்கட்டும் சம்பந்தி. அதுக்கு முன்னாடி இதெல்லாம் வீட்டுக்குள்ள வேணாமே."

"இந்தக் காலத்துல யாருங்க இதெல்லாம் பாக்கறா?" என்று கேட்டுவிட்டு நானே ஆளோடு ஆளாகத் தூக்கி உள்ளே வைத்தேன்.

அப்புறம் நடந்தது நடந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் எதில் என்றால், அந்த அம்மாள் அதன் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் சொன்னேன்ல" என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து, அழுது தீர்த்து, எழுந்து முகம் கழுவியிருப்பேன். சொல்லவே இல்லையே! பார்க்கும்போதெல்லாம் "சாப்ட்டீங்களா சம்பந்தி? நல்லா இருக்கீங்களா சம்பந்தி?" என்றுதான். அந்த மரியாதை என்னைத் தின்றது. மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா என்ன.

அதனால் இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை. தைத்துக்கொண்டிருந்தது பிள்ளைப் போர்வைதான். டீச்சர் கேட்டால் மேசை விரிப்பு என்றேன். "மேசைக்கு ஏன் இவ்வளவு மிருதுவான பருத்தி?" என்று அவர் விடாமல் கேட்டார். என் மேசை, என் பருத்தி, உங்களுக்கு என்ன? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

நான் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டிலோ வேறு கூத்து. ஒரு வீட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் போச்சு. தீபாவளி நெருங்க நெருங்க வாசலில் கூட்டம். "அக்கா, ஒரே ஒரு பிளவுஸ் லா, கை மட்டும் கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க." ஒன்று கொடுத்தால் நாத்தனாருடையது ஒன்று பின்னால் வரும். எனக்கு பிளவுஸ் தைக்கத் தெரியாது, நேர்க்கோட்டில்தான் ஓட்டத் தெரியும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிகு பண்ணிக்கொள்கிறேனாம்! மழையில் எதுவும் காயவும் இல்லை. துவைத்து வைத்த துணிகளில் ஈர வாடை. இஸ்திரி போட்டுப் போட்டு வாடையைப் போக்கி, மறுபடியும் வெட்டி, கோணலாகப் போனதைப் பிரித்து மறுபடியும் தைத்து, ஒரு வழியாகத் தீபாவளிக்குள் ஓரத்தைத் தவிர எல்லாம் முடிந்தது.

தீபாவளிக்கு மறுநாள் சம்பந்தியம்மா முறுக்கு டின்னோடு வந்தார். நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள் மெஷின் பக்கம் போய்விட்டார். போர்வையை ஒளித்து வைக்க மறந்திருந்தேன்.

"என்னங்க இது?"

"மேசை விரிப்பு. வகுப்புல தைக்கச் சொன்னாங்க."

இரண்டு விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளே பஞ்சு இருப்பது விரலுக்குத் தெரியாமலா போகும்? "மேசைக்கு நல்லா மெத்துன்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான். முறுக்கில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வந்த எரிச்சலில், உப்பு கூடிவிட்டது என்றேன்.

அவர் போன பிறகு வீம்பாக உட்கார்ந்தேன். இன்றைக்கே ஓரம் அடித்து முடித்துவிடுகிறேன், யார் என்ன செய்துவிடுவார்கள் பார்ப்போம் என்று. பட்டியை வைத்தேன், சுற்றிலும் குண்டூசி குத்தினேன், மெஷினில் ஊசிக்கு அடியில் வைத்தேன். கால் மிதியில் இருக்கிறது, அழுத்த வரவில்லை. நூல் சரியில்லை என்று மாற்றினேன். விளக்கு போதவில்லை என்று இன்னொரு விளக்கு கொண்டு வந்தேன். ஊசி மழுங்கிவிட்டது என்று புது ஊசி போட்டேன். சே! நானா? சகுனம் பார்ப்பவர்களைக் கேலி பேசியே வளர்ந்தவள் நான். எனக்குப் பயமாக இருந்தது. முடித்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். குண்டூசியோடு அப்படியே மடித்து வைத்தேன். டீச்சர் வாட்ஸாப்பில் எல்லோரும் போட்டோ அனுப்பிவிட்டார்கள், உன்னுடையது எங்கே என்று உயிரை எடுத்தார். நான் அதைத் திறந்து பார்ப்பதையே நிறுத்தினேன்.

பிரசவத்துக்குக் குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு பகலில் மருமகன் போன் செய்தார். வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நான் கையில் கிடைத்ததையெல்லாம் பையில் திணித்தேன். போர்வையையும் திணித்தேன். பிள்ளை அழுத சத்தம் கேட்ட நிமிடம் வராந்தாவிலேயே உட்கார்ந்து கையால் ஓரம் அடித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. சென்ட்ரல் ஸ்டேஷனில் ஏறிய கொமியூட்டர் ரயில் வழியில் மழைக்கு நின்றது. ஏன் நின்றது என்று சொல்ல ஒரு நாதி இல்லை. எதிர் சீட்டில் ஒரு பையன் சத்தமாக வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனை அறையலாம் போல் இருந்தது.

கிள்ளானில் பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் சம்பந்தியம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மருமகன் உள்ளே அவளோடு இருந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"சம்பந்தி" என்றார் திடீரென்று. "போன வருஷம் வாசல் கேட்டுகிட்ட நின்னு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படி?"

"பிள்ளை பொறக்கட்டும், அதுக்கு முன்னாடி வேணாம்னு. என்னமோ பொறக்காதுங்கற மாதிரி. நல்ல நேரத்துல என் வாய் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் வாய் வார்த்தைதான் பலிச்சிருச்சு. அதிலருந்து உங்க முன்னாடி எதையும் பேசவே எனக்குப் பயம்."

நான் அவரைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். எனக்கு வந்ததோ கோபம். அப்படி ஒரு கோபம்!

"ஏங்க, இதை ஒரு வருஷமா மனசுக்குள்ளயா வச்சுக்கிட்டு இருந்தீங்க? நான் தொட்டில் வாங்கினதாலதான் போச்சுன்னு நீங்க நெனைக்கறீங்கன்னு, நான் தெனம் செத்துப் பொழைச்சுக்கிட்டு இருக்கேன்!"

"ஐயய்யோ, உங்கள நான் ஏன் அப்படி நெனைக்கறேன்?"

"பின்ன ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிட்டது. செக்யூரிட்டி கார்ட் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் கதவு திறந்தது. நர்ஸ் நம் தமிழ்ப் பெண்தான்.

"ஆன்டி, பொம்பளப் பிள்ளை. அம்மாவும் பாப்பாவும் நல்லா இருக்காங்க. பாப்பாவுக்குத் துணி குடுங்க."

துணி? நான் சம்பந்தியைப் பார்த்தேன், சம்பந்தி என்னைப் பார்த்தார். ஒரு சட்டை இல்லை, ஒரு துண்டு இல்லை. என் மகளையும் மருமகனையும்கூட ஒன்றும் வாங்க விடாமல் இரண்டு பேரும் தனித்தனியாகத் தடுத்து வைத்திருந்தோம்.

"ஒண்ணுமே கொண்டு வரலையா? இப்ப எதுல ஆன்டி சுத்தறது?" என்றாள் நர்ஸ் சலிப்போடு.

சம்பந்தியம்மா என் பையை இழுத்து, போர்வையை வெளியே எடுத்து மடியில் விரித்தார். மளமளவென்று குண்டூசிகளைப் பிடுங்கி என் கையில் திணித்தார். ஒன்று விடாமல் எடுத்தாயிற்றா என்று உள்ளங்கையால் நாலு ஓரமும் தடவினார்.

"ஓரம் அடிக்கல சம்பந்தி, நூல் பிரியும்" என்றேன். எனக்கும் அதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

"பிரிஞ்சா பிரியட்டும், விடுங்க. பிள்ளைக்குக் குளிரும்" என்று எழுந்து போய் அதை நர்ஸ் கையில் கொடுத்தார்.