அதிகாரி சட்டைக்கு இஸ்திரி போட்டவள்

வரிசை வீடுகளின் கடைசி அறையில் இஸ்திரிக்காரியும் அவள் மகளும் குடியிருந்தார்கள். பெட்டியின் சூடு தாங்காமல் கதவைத் திறந்தே வைப்பாள். அதுதான் வம்பாகப் போனது. அரசாங்கம் மாதாமாதம் கொடுத்துவந்த அரிசிக்குக் கணக்கெடுக்க வந்த அதிகாரி, வெயிலில் வதங்கிப்போய், திறந்திருந்த அந்த ஒரே வாசலில் தண்ணீர் கேட்டார். கசங்கிய சட்டையைப் பார்க்கப் பொறுக்காமல் இவளே அதைக் கழற்றித் தரச் சொன்னாள். அவர் பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்தது.

அடுத்த மாதம் அரிசிக் கடையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டுக்கு இனி அரிசி கிடையாது. முக்கால்வாசிப் பேர் வெறும் பையோடு திரும்பினார்கள். இஸ்திரிக்காரியின் பை நிறைந்திருந்தது. அவள் வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பாத்தியம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். வயிறு காய்கிறபோது அதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? ஓசி இஸ்திரிக்குக் கூலி அரிசி என்றார் தையல்காரர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து அவர் வீட்டுத் துணி வரவில்லை.

அந்தப் பேச்சைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டு அக்காவின் மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. திரும்பி வரும் வழியில் இவள் மகளையும் பள்ளியிலிருந்து கூட்டிவருவாள். அது இன்னும் நிற்கவில்லை. ஆனால் பிள்ளையை வாசலோடு விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறாள்.

அக்கா வீட்டுக்கும் அரிசி நின்றிருந்தது. மற்ற வீடுகளின் சம்பாத்தியம் அரிசிக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி. அக்கா மகனோ கணக்கெடுப்புக்குச் சில நாள் முன்புதான் டயர் கடையில் தினக்கூலிக்குச் சேர்ந்திருந்தான். எந்தக் காகிதத்திலும் அது ஏறியிருக்காது. அப்படியானால் யாரோ வாய் திறந்திருக்கிறார்கள்.

இஸ்திரிக்காரியும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். தையல்காரர், அவர் மனைவி, டயர் கடை முதலாளி என்று யாரையும் விடவில்லை. இதற்கிடையில் அரிசிப் பானையைச் சத்தம் வராமல் திறக்கப் பழகினாள். வாசனை வெளியே போகுமே என்று தாளிப்பதை நிறுத்தினாள். கதவைச் சாத்திக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க இஸ்திரி போட்டாள்.

ஒருநாள் காலை, யாருடைய சட்டைக் காலரையோ அழுத்திக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது. பனியனோடு உட்கார்ந்திருந்த அன்று அதிகாரி, எதிரே போன பையனைக் காட்டி யாரென்று கேட்டார். இவள் வேலையிலிருந்து தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

"நம்ம அக்கா பையன் சார். டயர் கடையில சேந்துட்டான். ரொம்பப் பொறுப்பு."

காலர் கருகும் வாடை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள்.

அன்று சாயங்காலம் அக்காவே பாத்திரத்தோடு வந்து கதவைத் தட்டினாள். டயர் கடையில் மகனை நிறுத்திவிட்டார்களாம். அலுவலகத்தில் போய்ச் சொன்னால், அடுத்த கணக்கெடுப்பு வரட்டும் என்கிறார்களாம். எல்லாவற்றையும் சுவரைப் பார்த்தே சொன்னாள்.

இஸ்திரிக்காரி பானையை இழுத்து வைத்தாள். மூடியைத் திறக்கும் முன் வாய் திறந்துகொண்டது.

"அக்கா, அவன் வேலைக்குப் போறத நான்தான் அந்த ஆளுகிட்ட சொல்லிட்டேன். பெருமையாத்தான் சொன்னேன். இப்படி ஆகும்னு நினைக்கல."

அக்கா நீட்டிய பாத்திரத்தைப் பின்னால் இழுக்கவில்லை.

"போடு."

அரிசி விழுந்து முடியும்வரை பாத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முந்தானையால் அதை மூடிக்கொண்டு படி இறங்கினாள். இறங்கியவள் நின்றாள்.

"நாளையிலேருந்து உன் பொண்ண நீயே போய்க் கூட்டிக்கோ."